லீடரை அம்மா என்று கூப்பிட்டவள்

நாற்பத்து நாலு வயதில் கெமிஸ்ட்ரி படிக்கக் கிளம்பினால் ஊர் சிரிக்காதா என்று கேட்பீர்கள். ஷார்ஜாவில் சிரிப்பதற்கு ஊர் ஏது? லிஃப்டில் தினமும் பார்க்கிற முகத்துக்குப் பெயர் தெரியாது. எதிர் ஃப்ளாட்டில் குழந்தை பிறந்ததே வாசலில் நின்ற தள்ளுவண்டியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் போய்ச் சேர்ந்தேன்.

வேறு வழியும் இல்லை. நான் இங்கே ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கரைசல் கலந்து வைப்பேன், போன பிறகு குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பேன். நடுவில் யாராவது அமிலத்தைக் கையில் கொட்டிக்கொண்டால் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துக்கொண்டு ஓடுவேன். கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கும்போது கல்யாணம் ஆகி, விசா வந்து, படிப்பைப் பாதியில் விட்டு வந்தவள் என்பது பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். போன வருஷம் புதிதாக வந்த நிர்வாகம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. தகுதிச் சான்று இல்லாதவர்கள் இனி லேபில் இருக்க முடியாதாம். டிப்ளமோவில் சேர்ந்து முதல் வருஷ கெமிஸ்ட்ரியைப் பாஸ் பண்ணிக் காட்டினால் இருக்கலாம், இல்லாவிட்டால் ஜூனோடு சரி.

அந்த லேப் போனால் போகட்டும் என்று என் கணவர் சொன்னார். அவருக்கென்ன, சொல்லுவார். இந்த நாட்டில் என் கையில் சாவி இருந்து, நான் போய்த் திறந்தால்தான் மற்றவர்கள் உள்ளே வர முடியும் என்கிற இடம் அது ஒன்றுதான். வீட்டுச் சாவி எல்லோரிடமும் ஒவ்வொன்று இருக்கிறது. லேபை விட்டுவிட்டு நாள் முழுக்க ஃப்ளாட்டுக்குள் உட்கார்ந்து ஏசியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

ஆக, என் மகள் நாலு வருஷப் படிப்பில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அதே தனியார் கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்கான சாயங்கால வகுப்பில் நானும் சேர்ந்தேன். கெமிஸ்ட்ரி எடுத்தவர் ஒரு அமெரிக்கப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம். அமெரிக்காவில் கறுப்பின மக்களை மற்றக் கல்லூரிகள் படியேற விடாத காலத்தில், அவர்களுக்கென்றே தொடங்கிய கல்லூரிகள் உண்டாம். அப்படி ஒன்றில் படித்து, அங்கேயே வெகுகாலம் பாடம் நடத்திவிட்டு இங்கே வந்தவர்.

முதல் நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "டீச்சர் எப்படி, அமெரிக்காக்காரியாமே?" என்று கேட்டார்.

"அமெரிக்காதான். ஆனா வெள்ளைக்காரி இல்ல, கறுப்பு," என்றேன்.

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அதனால என்னம்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்லட்டி, அப்பா கேட்டாங்க, சொன்னேன்."

ஒன்றுமில்லாததற்கு 'ஆனா' எதற்கு? பெண்பார்க்க வந்தவர்கள் என் நிறத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் இதே 'ஆனா'வைப் போட்டுப் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் நான். மகள் மறுபடி குனிந்து சாப்பிட்டாள்.

மேடம் பாடம் நடத்துவது வாரத்தில் இரண்டு நாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் வர மாட்டார். அதற்கு வொர்க்‌ஷாப் என்று பெயர். ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து கணக்குகளைத் தாங்களே பேசிப் பேசிப் போட வேண்டும். நடுவில் ஒரு லீடர் இருப்பார். அவர் ஆசிரியர் அல்ல, முன்பு இதே பாடத்தைப் படித்துக் கரையேறிய ஒரு மாணவர். இது அமெரிக்காவில் எங்கள் கல்லூரியில் நாங்கள் நடத்திய முறை என்று மேடம் விளக்கினார்.

"முதல் வருஷக் கெமிஸ்ட்ரி எங்கள் கல்லூரியில் ஒரு வாசல்படி. டாக்டராக வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் அந்தப் படியிலேயே தடுக்கி விழுவார்கள். அறிவில்லாமல் அல்ல. 'எனக்குப் புரியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை அது. தனக்குத் தெரியாது என்று சொன்னால் தன் ஆட்களுக்கே தெரியாது என்று ஆகிவிடும் என்று பயப்படும். அதனால் போன வருஷம் அதே படியில் தடுக்கிய ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். அதனிடம் வாய்விட்டுச் சொன்னார்கள்."

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பிறகு விதிகளைச் சொன்னார். லீடர் விடையைச் சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது, ஏனென்றால் லீடருக்கும் விடை தரப்படாது. வட்டத்தில் யாரும் சாரோ ஆன்ட்டியோ கிடையாது, எல்லோருக்கும் பெயர்தான். ஒவ்வொருவரும் ஒரு கணக்கையாவது மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். யார் விளக்கினார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று லீடர் மேடத்திடம் சொல்வார், அதற்கு மார்க் உண்டு, அது இல்லாமல் பாஸ் கிடையாது. கடைசியாக, லீடரின் சொந்தக்காரர் யாரும் அந்த லீடரின் வட்டத்தில் இருக்கக் கூடாது.

என் மகள் லீடராக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பகல் வகுப்புக்குத்தான் என்று நினைத்திருந்தேன். முதல் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் சொன்ன அறையைத் தேடிப் போய்க் கதவைத் தள்ளினால், உள்ளே நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் என் மகள். சாயங்கால லீடர் ஒருவர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டதால் அவளை மாற்றியிருக்கிறார்கள். அவளுக்கே அன்று மத்தியானம்தான் தெரியும். இரண்டு பேரும் திருட்டுப் பூனைகளைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வேறு ஜாதி ஜனத்தில் என்றால் குடும்பப் பெயர் முன்னாடியே காட்டிக் கொடுத்திருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், அவள் பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் அவள் அப்பா பெயர். கல்லூரிக் கம்ப்யூட்டருக்கு நாங்கள் யாரோ இரண்டு பேருடைய பெண்பிள்ளைகள். அதுபாட்டுக்கு ஒரே வட்டத்தில் போட்டுவிட்டது. அன்றைக்கு மற்றவர்கள் உள்ளே வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவள் ஆரம்பித்தாள். கார் ஓட்டுவது அவள்தான், எனக்கு லைசென்ஸ் கிடையாது.

"நாளைக்கே மேடம்கிட்ட சொல்லிடுறேம்மா."

"சொன்னா என்ன ஆகும்?"

"மத்த சாயங்கால க்ரூப்ல இடம் இல்ல, உன்னை மத்தியான க்ரூப்புக்கு மாத்துவாங்க."

"மத்தியானம் நான் லேப்ல இருக்கணும்லா. உங்க மேடம் வந்து டியூட்டி பாப்பாங்களா?"

"ரூல்னு ஒண்ணு இருக்கும்மா."

"ஏட்டி, யாராவது உன்கிட்ட வந்து கேட்டாங்களா? கேக்காததுக்குப் பதில் சொல்லணும்னு எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்கு? கேட்டாச் சொல்லிக்கலாம்."

சிக்னலில் வண்டி நின்றது. அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அப்போ உன்னை எப்படிக் கூப்பிடுறது?" என்று கேட்டாள்.

"எல்லாரும் எப்படிக் கூப்பிடுறாங்களோ அப்படிக் கூப்பிடு."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து கல்லூரிக்கு முன்னாலேயே ஒரு கஃப்டீரியா பக்கத்தில் இறங்கிக்கொள்வேன். அவள் போய்க் காரை நிறுத்திவிட்டு உள்ளே போன பிறகு, நான் கையில் பையோடு வேர்த்து வழிந்துகொண்டு நடந்து போவேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வட்டத்தில் உட்கார்ந்ததும் அவள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து, என் முறை வந்ததும் என் பெயரைச் சொன்னாள். என் கணவர் என் பெயரைச் சொல்ல மாட்டார், 'இந்தா' என்பார். பள்ளிக்கூடத்தில் நான் மேம். அப்பா போன பிறகு என் பெயரை மொட்டையாகச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. இப்போது நான் பெற்றது கூப்பிடுகிறது, அதுவும் இங்கிலீஷ்காரி மாதிரி நாக்கைச் சுருட்டிக்கொண்டு. காது சுட்டது. சொன்னவளும் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க இதை எப்படி யோசிச்சீங்க?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"புரிஞ்சுது," என்று நானும் இங்கிலீஷில் சொன்னேன்.

"எப்படின்னு சொல்லுங்க."

"அதான் புரிஞ்சுதுன்னேனே."

அவள் பக்கத்திலிருந்த எகிப்துப் பெண்ணிடம் போய்விட்டாள். அந்தப் பெண் தப்பும் தவறுமாகத்தான் சொன்னாள், ஆனால் கூச்சமில்லாமல் சொன்னாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளிப் பையன், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். அவள் சொன்னதை மறுத்துச் சண்டை போட்டான். சண்டை போடப் போட விடை தானாக வெளியே வந்தது. என் மகள் நடுவில் ஒரு கேள்வி போடுவாள், அவ்வளவுதான். வீட்டில் 'ம்', 'சரி', 'அப்புறம்' என்ற மூன்று வார்த்தைகளில் காலத்தை ஓட்டுகிறவள், அங்கே கையை ஆட்டி, எழுந்து நடந்து, இவனைக் கிண்டி அவளைக் கிண்டி, வேறு ஒரு ஆளாக இருந்தாள். இப்படி ஒரு பிள்ளை என் வீட்டில் வளர்ந்தது எனக்கே தெரியாது. பெருமைப்பட வேண்டிய நேரம். நானோ அடுத்த தடவை என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

இப்படியே சில செவ்வாய்கள் போயின. எல்லாவற்றுக்கும் 'புரிஞ்சுது'. ஒருநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, வொர்க்‌ஷாப்பில் நீங்கள் பேசுவதே இல்லை என்று லீடர் சொல்கிறார், இப்படியே போனால் பாஸ் ஆவது கஷ்டம் என்று பதமாகச் சொன்னார். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து தோசைக் கல்லை அடுப்பில் போட்ட கையோடு மகளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குக் கொஞ்சமாவது இருக்கா? பெத்தவளைப் போய்ப் போட்டுக் கொடுத்திருக்கியே. நல்லாப் பேசுனாங்கன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா உன் வாயா வலிக்கும்?"

"நீ பேசலையேம்மா."

"பேசல. எனக்குத் தெரியல, பேசல. வீட்டுல வச்சு விடையை முன்கூட்டிச் சொல்லிக் குடேன், அங்க வந்து ஒப்பிச்சிட்டுப் போறேன்."

"விடை எனக்கே கிடையாதும்மா. எங்களுக்குத் தரவே மாட்டாங்க."

"விடை தெரியாம என்னட்டி லீடரு? எங்க ஊர்ல டியூஷன் எடுக்கவன் கையில ஆன்சர் கீ இல்லாம வந்தா அடிச்சு வெரட்டிருவாங்க."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். நான் கத்திக்கொண்டிருந்ததில் அடிப்பக்கம் கருகியிருந்தது. "உனக்குப் புரியலன்னு எனக்குத் தெரியும்மா," என்றாள். "நான் சின்னப் பிள்ளையில இங்கிலீஷ்ல எதாவது கேட்டா, புரியாட்டியும் இப்படித்தான் தலையை ஆட்டுவ. எனக்கு அப்பவே தெரியும்."

தெரியுமாம். அந்தப் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியுமாம். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். அதை இந்த வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாதது மட்டும் இல்லை, இவள் மார்க் குறைந்து வந்த நாளெல்லாம் நான் உன் வயதில் எப்படிப் படித்தேன் தெரியுமா என்று நாக்கூசாமல் அளந்திருக்கிறேன். இவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குக் கருகின தோசையை நானே தின்றேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மேடம் வொர்க்‌ஷாப்பைப் பார்க்க வந்தார். பின்னால் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து, நான் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றைய கேள்வி மயில்துத்தக் கரைசல், அதாவது காப்பர் சல்பேட். நீல நிறக் கரைசலில் இரண்டு செம்புத் தகடுகளை இறக்கி மின்சாரம் விடுகிறோம். கரைசலில் இருக்கிற செம்பு ஒரு தகட்டில் போய் ஒட்டுகிறது. அப்படியானால் நீலம் வெளுக்குமா, வெளுக்காதா?

"வெளுக்கும்," என்றான் மலையாளிப் பையன். "செம்பு கரைசலை விட்டு வெளியே போகுதில்லையா?"

எகிப்துப் பெண்ணும் ஆமாம் என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளே குறுகுறுவென்றது. ஏனென்றால் இதை வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு வைத்துக் கொடுக்கிறவள் நான். வகுப்பு முடிந்ததும் அந்தக் கரைசலைத் திரும்பப் புட்டியில் ஊற்றி வைப்பதும் நான்தான். ஊற்றும்போது அதே நீலம்தான் இருக்கும்.

"வெளுக்காது," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வந்த நாள் முதல் நான் 'புரிஞ்சுது' தவிர வேறு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. என் மகளின் முகத்தில் விளக்கு ஏற்றியது மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. அதை அவசரமாக அடக்கிக்கொண்டு, "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டாள். நான் புட்டியைப் பற்றிச் சொன்னேன். இலக்கணம் கிடக்கட்டும், சொல்லிவிட்டேன். "அப்போ கரைசல்லேருந்து போன செம்புக்குப் பதிலா என்ன வருது? போர்டுல போட்டுக் காட்டுங்க," என்று மார்க்கரை நீட்டினாள்.

எழுந்து போனேன். இரண்டு தகடு வரைந்தேன். ஒன்றில் கூட்டல் குறி, ஒன்றில் கழித்தல் குறி. எல்லாம் என் தலைக்குள் தமிழில் இருந்தது. நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி. படித்து இத்தனை வருஷம் கழித்தும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆனால் வெளியே வர வழியில்லை. இங்கிலீஷில் எதற்கு எது என்று தேடத் தேட, தமிழும் கலைந்துபோயிற்று. பின்னால் மேடம் இருப்பது முதுகில் தெரிந்தது. "எந்தத் தகடு கரையும்?" என்று என் மகள் மெதுவாகக் கேட்டாள். அவள் பக்கம் திரும்பினேன். முகத்தைப் பார்த்ததும் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

"புரியலம்மா," என்றேன். தமிழில்.

மலையாளிப் பையன் சிரித்துவிட்டான். "லீடரை அம்மான்னு விளிச்சு!" என்று எகிப்துப் பெண்ணிடம் சொல்ல, அவளுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பாஷையிலும் கிட்டத்தட்ட அதே சத்தம்தானே. வட்டம் முழுக்கச் சிரிப்பு. தலை நரைக்கத் தொடங்கிய பொம்பளை, இருபது வயசுப் பிள்ளையைப் பார்த்து அம்மா என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மேடமும் சிரித்துக்கொண்டே, "அம்மா என்றால் தாய்தானே? இங்கே வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தைகளில் ஒன்று," என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இத்தனை வாரம் மூடிக்கொண்டிருந்த வாய்தானே. அன்றைக்கென்று இங்கிலீஷ் தண்ணீராகக் கொட்டியது.

"எங்க தமிழில் அப்படித்தான் மேடம். எந்தப் பெண்ணையும் அம்மா என்போம். கடையில் நிற்கிற பெண்ணைச் சொல்வோம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்ணைச் சொல்வோம். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது."

அவ்வளவும் உண்மை. ஒரு வார்த்தை பொய் இல்லை. உண்மையை வைத்தே இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடம் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். முடிந்தது, தப்பித்தோம் என்று மூச்சு விட்டுக்கொண்டு மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அர்த்தம் இருக்கு மேடம்," என்றாள். "நாங்க பெத்த பிள்ளையையும் அம்மான்னுதான் கூப்பிடுவோம். அவங்க என் அம்மா."

யாரும் சிரிக்கவில்லை. எகிப்துப் பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் போர்டுக்குப் பக்கத்தில் மார்க்கரோடு நின்றுகொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையை அத்தனை பேர் முன்னிலையில் கடைக்காரப் பெண்ணோடு சேர்த்துச் சொன்னவளுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

"எடுத்த கணக்கை முடித்துவிடுங்கள்," என்றார் மேடம். என் மகள் என்னிடம், "எந்தத் தகடு கரையும்?" என்று விட்ட இடத்திலிருந்து கேட்டாள். என்ன அதிசயமோ, எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் இருக்கலாம். கூட்டல் குறி போட்ட தகட்டைத் தொட்டு, இது கரைகிறது, அது வாங்கிக்கொள்கிறது, எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு போய் ஒட்டுகிறது, அதனால் நீலம் மாறாது என்று பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னேன். மலையாளிப் பையன் தமிழ்ப் பாதியை மற்றவர்களுக்குச் சொன்னான். சரி என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் மேடம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. வொர்க்‌ஷாப்பில் எனக்கு இருந்த மார்க்கையெல்லாம் நீக்கிவிட்டு, தானே தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போவதாகச் சொன்னார். என் மகள் கல்லூரியை விட்டுப் போகிற வரைக்கும் இனி லீடராக இருக்க முடியாது என்றும், எந்த வொர்க்‌ஷாப் அறைக்குள்ளும் போகக் கூடாது என்றும் சொன்னார். நான் எழுந்தே விட்டேன்.

"மேடம், மறைக்கச் சொன்னது நான். அவள் முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடலாம் என்றாள். தண்டனையை எனக்குக் கொடுங்கள்."

"நீங்கள் மாணவி," என்றார் மேடம். "அவள் லீடர். அந்த அறையில் மற்றவர்கள் அவளிடம்தான் 'தெரியாது' என்று சொன்னார்கள். உங்களிடம் அல்ல."

என் மகள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "யெஸ் மேடம்," என்றாள். காரில் திரும்பும்போது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும், நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி அழுதுவிடலாம் என்றிருந்தேன். "ஃபைனலுக்கு எந்தெந்தப் பாடம் பாக்கி இருக்கு?" என்றுதான் கேட்டாள். அன்றையிலிருந்து பரீட்சை வரைக்கும் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். விடை மட்டும் சொல்லவில்லை. புரியாதபோது புரியவில்லை என்றேன். அவளிடம் இனிமேல் பூசி மெழுகி என்ன ஆகப் போகிறது?

பாஸ் பண்ணிவிட்டேன். தட்டுத் தடுமாறித்தான், ஆனால் பாஸ். பள்ளிக்கூடத்தில் காட்டினேன். லேப் சாவி என் கைப்பையிலேயே இருக்கிறது. என் கணவர் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். மகளும் ஒரு கப் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் மேடம் போன் பண்ணி வரச் சொன்னார். சாயங்கால வகுப்புக்கு ஒரு லீடர் தேவைப்படுகிறது என்றார். வேலைக்குப் போகிற பெரியவர்கள் நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்கள், அவர்கள் பக்கத்தில் உட்கார உங்களைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை என்றார். எந்த இடம் காலி என்பது எனக்குத் தெரியும். யாரால் காலியானது என்பதும் தெரியும். உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மானமுள்ளவள் சொல்லியிருப்பாள்.

"எந்தக் கிழமை மேடம்?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னபோது அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "எடுத்துக்கோம்மா. நீ நல்லாப் பண்ணுவ," என்றாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நான் பார்க்கவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவள்தான் என்னைக் கல்லூரி வாசலிலேயே இறக்கிவிடுகிறாள். திரும்பி வீட்டுக்குப் போய் வர டிராஃபிக்கில் முடியாது என்று வண்டியை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். நான் முடித்துவிட்டு வந்து கதவைத் திறந்ததும், "இன்னைக்கு என்ன கேள்வி?" என்பாள். சொல்வேன். "யாரு பேசல?" என்பாள். அதையும் சொல்வேன். அவங்களை இப்படிக் கேட்டுப் பாரேன் என்று ஒரு வழி சொல்லுவாள். அடுத்த வாரம் அதையே நான் கேட்பேன், அந்த ஆள் பேசிவிடுவார். மற்றவர்கள் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் வெக்கை தாங்கவில்லை. வண்டிக்குள் அவள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "உள்ள வந்து அந்தப் பின்னாடி சேர்லயாவது உக்காரேன். யாரு என்ன சொல்லப் போறா?" என்றேன்.

"எனக்கு உள்ள வர அனுமதி இல்லம்மா," என்றாள். "நீ போ, உனக்காக வெயிட் பண்ணுவாங்க."